பிரெஞ்சுக்காரருக்கு வெளிநாட்டு ஒயின் விற்பது எப்படி

வெளிநாட்டு ஒயின் என்றால் பிரெஞ்சுக்காரர்களுக்குப் பிடிக்காது என்று பரவலாக ஒரு பேச்சு உண்டு. பிடிக்காது என்றாலாவது வாதாடி, ஒரு வாய் ஊற்றிக் கொடுத்து மனத்தை மாற்றலாம். அது அவர்கள் கண்ணிலேயே படுவதில்லை என்பதுதான் இந்தத் தொழிலில் இருப்பவர்களின் தலைவலி. சனிக்கிழமை மாலை ஒயின் கடைக்கு வருபவர், “நாளைக்கு ஆட்டுத்தொடை சமைக்கிறோம். பன்னிரண்டு யூரோவுக்குள் ஒரு சிவப்பு வேண்டும். போர்தோ, இல்லையென்றால் ரோன்” என்கிறார். அவர் மனத்தில் இருக்கும் வரைபடத்தில் போர்தோ, பூர்கோஞ், ரோன், லுவார், அல்சாஸ், லாங்டொக் எல்லாம் இருக்கும். சிலேயும் தென்னாப்பிரிக்காவும் இருக்காது. வேண்டாம் என்று அவர் ஒதுக்கவில்லை, கேட்கவே தோன்றவில்லை.

இதைக் கர்வம் என்று சொல்லி முடித்துவிடுவது சோம்பேறித்தனம். 1935 முதல் பிரான்ஸில் ஒயினுக்கு ஊரின் பெயரே அடையாளம். ஊர்ப்பெயரைப் பாதுகாக்கும் ஏஓசி முறை அந்த ஆண்டில்தான் சட்டமானது. எந்த மண், எந்தத் திராட்சை, ஹெக்டேருக்கு எவ்வளவு விளைச்சல் என்பதெல்லாம் அந்த ஊர்ப்பெயருக்குள் அடங்கிவிடும். வெள்ளை ஒயினில் ‘சான்செர்’ என்று எழுதியிருந்தால் போதும், அது சோவிஞ்யோன் திராட்சை என்று புட்டியில் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப் பழகியவர் கையில் ‘காபர்னே சோவிஞ்யோன், சிலே’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட புட்டியைக் கொடுத்தால், பெயரும் சாதியும் சொல்லிவிட்டு ஊரைச் சொல்லாத விருந்தாளியைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இங்கே ‘வெளியூர்’ என்பது நாட்டின் எல்லையில் தொடங்குவதில்லை, அடுத்த மாகாணத்திலேயே தொடங்கிவிடுகிறது. அல்சாஸில் கொல்மார் பக்கத்து உணவகங்களில் ஒயின் பட்டியலின் முதல் பக்கங்கள் முழுக்க உள்ளூர் ரீஸ்லிங், பினோ கிரி. போர்தோவுக்குக் கடைசியில் நாலு வரி கிடைத்தால் பெரிது. போர்தோ நகரத்தில் பூர்கோஞ் தேடினாலும் இதே கதைதான். ஆகவே ஆர்ஜென்டினா புட்டியை எடுத்துக்கொண்டு போகிறவர், நம் நாட்டை அவமதிக்கிறார்கள் என்று மனம் நோக வேண்டியதில்லை. திராட்சை விளையாத வடக்கிலும், பிரெத்தாஞிலும், பாரிஸிலும் இந்தப் பிடி தளர்வு. முதல் விற்பனை முயற்சியை அங்கே வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

கண்ணில் படாத பொருளுக்கும் சில வாசல்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி விலை, தனி நேரம், தனிச் சாமர்த்தியம் வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே பேச்சை வைத்துக்கொண்டு போகிறவர்கள்தான் தோற்கிறார்கள்.

பசிதூண்டி நேரம்

போர்ச்சுகலின் போர்ட் ஒயினைப் பாருங்கள். ஆங்கிலேயர்கள் வளர்த்த ஒயின், சாப்பாடு முடிந்து பாலாடைக்கட்டியோடு குடிப்பது அவர்கள் வழக்கம். ஆனால் 1963 இல் வாங்கும் அளவில் பிரிட்டனைப் பிரான்ஸ் முந்திவிட்டது. அதன் பிறகு போர்ட்டின் பெரிய வாடிக்கையாளர் பிரெஞ்சுக் குடும்பங்கள்தான். இங்கே அது சாப்பாட்டுக்கு முன்னால் சின்னக் கோப்பையில் வரும், கோடையில் முலாம்பழத்தின் குழியிலும் ஊற்றுவார்கள். பெருங்கடைகளில் அதை ஒயின் அடுக்கில் தேடினால் கிடைக்காது. விஸ்கி, பாஸ்டிஸ், மார்ட்டினி இருக்கும் அடுக்கில் நிற்கும்.

போர்ட் விளையும் அதே தூரு பள்ளத்தாக்கில், பெரும்பாலும் அதே திராட்சையில் செய்த சாதாரணச் சிவப்பு ஒயினை அதே வாடிக்கையாளரிடம் நீட்டினால் தயங்குவார். ஏனென்றால் ஆட்டுத்தொடைக்குப் பக்கத்தில் வைக்கும் சிவப்புக்கு அவர் வீட்டில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. பசிதூண்டி நேரத்தில் அந்த இடம் காலி. போட்டியாளர் இல்லாத நேரத்தில் நுழையும் ஒயினிடம் யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை.

உணவகத்தில் போர்ட் வைப்பவர்களுக்கு: அளவு 6 சென்டிலிட்டர். 75 சென்டிலிட்டர் புட்டியில் பன்னிரண்டு கோப்பை. மரப்பீப்பாயில் நாள்பட்டுப் பழுப்பேறிய டானி வகையை 12 முதல் 14 டிகிரியில் கொடுங்கள். அடுப்பங்கரைக்குப் பக்கத்தில் வைத்து வெதுவெதுப்பாக ஊற்றினால் சாராயநெடி முன்னால் வந்து நிற்கும். இளஞ்சிவப்பேறாத, அடர்சிவப்பான ரூபி வகை திறந்தபின் இரண்டு மூன்று வாரம் தாங்கும், டானி அதைவிடக் கூடுதலாக.

ப்ரொசெக்கோ வந்ததும் இதே வாசல் வழியாகத்தான். இத்தாலிய நுரை ஒயினைத் தனியாக வைத்தால், ‘இந்த விலைக்கு நம் நாட்டு நுரை ஒயின் கிரெமான் இருக்கிறதே’ என்பார்கள், அதில் நியாயமும் உண்டு. ஸ்ப்ரிட்ஸ் என்று கலந்து கொடுத்தால் யாரும் நாட்டைக் கேட்பதில்லை. 9 சென்டிலிட்டர் ப்ரொசெக்கோ, 6 அபெரோல் என்னும் கசப்பு ஆரஞ்சு மது, 3 சோடா, கோப்பை நிறையப் பனிக்கட்டி. ஒரு புட்டியில் எட்டு கோப்பை வரும். பனிக்கட்டியைக் குறைத்தால் அது சீக்கிரம் உருகி, கடைசி மிடறு தண்ணீராகிவிடும். நிறையப் போட்டால்தான் மெல்ல உருகும். திறந்த புட்டியை நுரை ஒயினுக்குரிய கவ்வுமூடி போட்டுக் குளிரில் வைத்தாலும் மறுநாளைக்கு மேல் நம்பாதீர்கள். ஆள் குறைவான வார நாட்களில் 20 சென்டிலிட்டர் சிறுபுட்டி விலை கூடுதல் என்றாலும் கணக்குக்கு லாபம்.

சாப்பாட்டின் கையைப் பிடித்துக்கொண்டு

கூஸ்கூஸ் கடையில் பிரெஞ்சுக்காரர் தயங்காமல் மொராக்கோவின் பூலவான் கிரி, இல்லையென்றால் வட ஆப்பிரிக்கச் சீதி பிராகிம் கேட்பார். அடுத்த வாரம் வீட்டில் அதைத் திறக்கவே மாட்டார். பீட்சா கடையில் லாம்ப்ருஸ்கோ, கியாந்தி. லெபனான் உணவகத்தில் க்சாரா. க்சாரா 1857 இல் ஏசுசபைத் துறவிகள் தொடங்கியது, புட்டியில் ஒட்டிய சீட்டும் பிரெஞ்சில் இருக்கும், அதனால் தயக்கம் இன்னும் குறைவு. போர்ச்சுகீசியக் குடும்பங்கள் நிறைய இருக்கும் பாரிஸ் புறநகர்களில் வின்யோ வெர்தே சாதாரண மளிகைக் கடையிலேயே கிடைக்கும். தட்டில் இருக்கும் நாடுதான் புட்டியில் இருக்கும் நாட்டுக்குச் சாட்சி சொல்கிறது.

வட ஆப்பிரிக்க ஒயினுக்கு இன்னொரு பழைய கணக்கும் உண்டு. 1962 இல் விடுதலை பெறும்வரை உலகிலேயே அதிகம் ஒயின் ஏற்றுமதி செய்த நாடாக அல்ஜீரியா இருந்தது. அதில் பெரும்பகுதி பிரான்ஸுக்கு வந்து, தெற்கின் நீர்த்த சிவப்பில் நிறத்துக்கும் வலுவுக்கும் கலக்கப்பட்டது. தாத்தா தலைமுறை ‘நம் ஊர் ஒயின்’ என்று குடித்ததில் எவ்வளவு அல்ஜீரியாவின் ஓரான் மாவட்டத்துடையது என்று யாரும் அளந்ததில்லை.

தெரியாமல் குடிப்பது

அந்தக் கலப்படப் பாரம்பரியத்தின் இன்றைய வாரிசு ஸ்பெயினிலிருந்து டாங்கர் லாரியில் வரும் மலிவு ஒயின். பிரான்ஸ் இறக்குமதி செய்யும் ஒயினில் அளவுப்படி மிகப் பெரிய பங்கு இதுதான். பெரும்பாலும் லா மன்சா சமவெளியிலிருந்து வரும். காரணம் விலை. மொத்தக் கொள்முதலில் பிரெஞ்சு மலிவு ஒயினின் பாதி விலைக்கோ அதற்கும் கீழோ அது கிடைத்த ஆண்டுகள் உண்டு. ரோஸே என்னும் இளஞ்சிவப்பு ஒயின் வேண்டும் என்ற பசியும் ஒரு காரணம். உலகில் அதிகம் ரோஸே குடிப்பது பிரான்ஸ்தான். ப்ரொவான்ஸ் ரோஸே விலை ஏறிவிட்டது, கோடையில் நீச்சல்குளத்தருகே குடிக்க மூன்று யூரோ ரோஸே தேடுகிறவருக்கு அது எட்டாது.

2016 ஏப்ரலில் ஸ்பெயின் எல்லையருகே லெ பூலூவில் தெற்கத்தி விவசாயிகள் ஸ்பானிய டாங்கர்களை மறித்துக் குழாயைத் திறந்துவிட்டார்கள். சாலையெல்லாம் ஒயின். அவர்களின் கோபம் இறக்குமதி மீது மட்டும் அல்ல. வாங்குபவரை ஏமாற்றும் சீட்டுகள் மீதும்தான். 2016, 2017 ஆண்டுகளில் நுகர்வோர் பாதுகாப்புத் துறை நடத்திய சோதனைகளில் ஸ்பானிய ரோஸே பிரெஞ்சு என்று விற்கப்பட்டது வெளிவந்தது. நேரடிப் பொய் சில இடங்களில். பல இடங்களில் பொய் என்று சொல்ல முடியாத தந்திரம். பெட்டியின் முகப்பில் பிரெஞ்சுக் கோட்டைப் படம், பிரெஞ்சுப் பெயர், பின்பக்கம் அடியில் எறும்பெழுத்தில் நாடு.

இதை வாங்குபவரும், மளிகைக் கடையில் அடுக்குபவரும் சோதிக்கும் முறை இது. முகப்பை விடுங்கள், பெட்டியின் பின்பக்கத்தையும் அடிப்பகுதியையும் பாருங்கள். ‘வேன் த ஃபிரான்ஸ்’ என்று இருந்தால் முழுக்கப் பிரெஞ்சுத் திராட்சை. ‘வேன் தெஸ்பாஞ்’ என்றால் ஸ்பெயின். ஐரோப்பிய ஒன்றியத்தின் பல நாட்டு ஒயின்களின் கலவை என்று இருந்தால் ஸ்பெயினும் இன்னும் சிலவும் இருக்கலாம். ‘பிரான்ஸில் புட்டியிலடைத்தது’ என்ற வரி ஒயின் எங்கே விளைந்தது என்று சொல்வதில்லை, எங்கே அடைத்தார்கள் என்று மட்டும் சொல்கிறது. ‘ஈஎம்பி’ எழுத்துகளுக்குப் பின் வரும் எண்ணும் அப்படித்தான், அது அடைத்தவரின் ஊர்க் குறியீடு. மூடியில் இருக்கும், பிரெஞ்சுக் குடியரசின் சின்னமான மரியான் என்ற பெண்ணின் தலையைப் பார்த்துப் பலர் திருப்தி அடைகிறார்கள். அது பிரான்ஸில் வரி கட்டியதற்கான முத்திரை, பிறப்புச் சான்றிதழ் அல்ல. இப்போது கட்டாயமும் இல்லை.

உணவகங்களுக்கு 2020 சட்டம் ஒரு கடமையைச் சேர்த்தது: புட்டியாகவோ, கூஜாவாகவோ, கோப்பையாகவோ விற்கும் ஒயினின் தோற்ற இடத்தைப் பட்டியலில் எழுத வேண்டும். ‘வீட்டு ரோஸே’ என்று மட்டும் எழுதி ஸ்பானியப் பெட்டியிலிருந்து கூஜாவில் ஊற்றும் பழக்கம் அபராதத்தில் முடியும். ‘ரோஸே, ஸ்பெயின், 25 சென்டிலிட்டர் கூஜா’ என்று எழுதுங்கள். நேர்மையாக எழுதினால் விற்காது என்ற பயத்துக்கு ஆதாரமில்லை, அந்த விலையில் கூஜா கேட்பவர் விலையைத்தான் பார்க்கிறார். குழாய் வைத்த அட்டைப்பெட்டி திறந்த பிறகு நாலு முதல் ஆறு வாரம் தாங்கும். திறக்காமலே ஓராண்டுக்கு மேல் கிடந்தால் ரோஸேயின் நிறம் வெங்காயத்தோல்போல மாறும், மணமும் போய்விடும். அடைத்த தேதியைப் பார்க்காமல் தள்ளுபடி விலைக்கு மொத்தமாக எடுக்காதீர்கள்.

பத்து யூரோவுக்கு மேல்

கடினமான களம் பத்திலிருந்து இருபது யூரோ வரை. இந்த விலைக்கு நல்ல பூர்கெய், ரோன் கிராமத்துச் சிவப்பு, கிரெமான் எல்லாம் கிடைக்கும் நாட்டில், ‘இதுவும் நல்லாயிருக்கும்’ என்பது ஒரு காரணமே ஆகாது. இருபதுக்கு மேல் போனால் மறுபடி கொஞ்சம் சுலபமாகிறது. பரிசு வாங்க வருகிறவர், எல்லாம் தெரிந்த மாமனாருக்குத் தெரியாத ஒன்றைத் தேடுவார்.

நடுவிலையில் வேலை செய்கிற ஒரே பேச்சு, பிரான்ஸை விட்டுப் போன திராட்சையின் பேச்சு. மால்பெக் தென்மேற்கின் காவோரிலிருந்து ஆர்ஜென்டினா போனது. தானா, மதிரானிலிருந்து உருகுவே போனது. கார்மனேர் போர்தோவில் ஃபில்லொக்சேரா என்ற திராட்சைவேர்ப் பூச்சியின் அழிவுக்குப் பிறகு ஏறக்குறைய மறைந்து, சிலேயில் மெர்லோ என்ற பெயரில் மறைந்து கிடந்ததை 1994 இல் அடையாளம் கண்டவர் ழான்-மிஷேல் பூர்சிகோ என்ற பிரெஞ்சு நிபுணர். ‘உங்கள் பிள்ளைதான், கடல் தாண்டிப் போய் வளர்ந்தது’ என்று சொன்னால் புட்டி கைக்குப் போகும். பிரெஞ்சுக் கைகள் பட்டவையும் அப்படியே. சிலேயின் அல்மவீவாவில் போர்தோவின் மூத்தோன் ரோத்ஷீல்ட் பங்கு, அமெரிக்காவின் ஓரிகனில் பூர்கோஞின் துருவேன் குடும்பம். இங்கிலாந்தின் கென்டில் ஷாம்பேன் வீடான தெத்தெஞ்சே நிலம் வாங்கித் திராட்சை நட்டபோது சிரித்தவர்களும், அடியில் இருப்பது அதே சுண்ணக்கல் வகை என்று கேட்டதும் ஒரு கோப்பை கேட்கிறார்கள்.

சுவைக்கவைக்கும் மாலையை இப்படி அமைக்கலாம். இரண்டிரண்டாக வையுங்கள்: வூவ்ரே பக்கத்தில் தென்னாப்பிரிக்க ஷெனான், சான்செர் பக்கத்தில் நியூசிலாந்து சோவிஞ்யோன், காவோர் பக்கத்தில் மெந்தோசா மால்பெக். விலை வித்தியாசம் மூன்று யூரோவுக்குள் இருக்கட்டும். விளைந்த ஆண்டும் நெருங்கியதாக இருக்கட்டும். புட்டிகளுக்குத் துணியுறை போடுங்கள், மூடியை முன்பே கழற்றிவிடுங்கள். திருகுமூடியைக் கண்டால் அது பிரெஞ்சு அல்ல என்று பாதிப்பேர் கண்டுபிடித்துவிடுவார்கள். போர்தோ வடிவப் புட்டிக்குப் பக்கத்தில் பூர்கோஞ் வடிவமும் காட்டிக்கொடுக்கும், ஒரே வடிவம் கிடைக்காவிட்டால் கூஜாவுக்கு மாற்றி ஊற்றுங்கள். ஆளுக்கு 3 முதல் 4 சென்டிலிட்டர், ஒரு புட்டி இருபது பேருக்கு வரும். வெள்ளை 10 முதல் 12 டிகிரி, சிவப்பு 16 அல்லது 17. கடையின் வெப்பத்தில் 22 டிகிரிக்குப் போன மால்பெக், ‘ஜாம் மாதிரி’, ‘மரவாசம்’ என்ற வழக்கமான தீர்ப்பைத் தானே வாங்கிக்கொள்ளும். எது எந்த நாடு என்று வாடிக்கையாளரை ஊகிக்கச் சொல்லாதீர்கள். தவறாகச் சொன்னவர் வெட்கப்பட்டு வெறுங்கையோடு போவார். எது பிடித்தது என்று மட்டும் கேளுங்கள்.

அந்த வெட்கம் எவ்வளவு ஆழம் என்பதற்கு 1976 மே 24 போதும். பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வணிகர் நடத்திய உறையிட்ட சுவைப்பில் ஒன்பது பிரெஞ்சு நடுவர்கள். வெள்ளையில் ஷாத்தோ மொன்டலீனா, சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப் என்று இரண்டிலும் கலிபோர்னியாவின் 1973 ஆம் ஆண்டு ஒயின்கள் முதலிடம். ஒரு நடுவர் கலிபோர்னியாவின் நாப்பா ஷார்தொனேயைச் சுவைத்துவிட்டு, அப்பாடா பிரான்ஸுக்குத் திரும்பிவிட்டோம் என்றார். இன்னொருவர் தன் மதிப்பெண் தாளைத் திருப்பிக் கேட்டார். உலகச் சந்தையை இது புரட்டிப்போட்டது. பிரெஞ்சு வாங்குபவரின் கூடையில் மாறியது மிகக் குறைவு. ஆட்டுத்தொடைக்குப் போர்தோ கேட்பவர் தரவரிசை கேட்டு வருவதில்லை, தோற்கடித்தோம் என்ற பேச்சு அவரைக் கோபப்படுத்த மட்டும் செய்யும். இன்றும் சில இறக்குமதியாளர்கள் துண்டறிக்கையில் முதல் வரியாக இதைப் போடுகிறார்கள். எடுத்துவிடுங்கள்.

‘வெளிநாட்டுச் சிவப்பு எல்லாம் ஆல்கஹால் 14.5 டிகிரி, தலைவலி’ என்ற புகாருக்கு ஒரு குறிப்பு. ரோன் பகுதியின் ஷாத்தோநஃப்-து-பாப் இப்போது சாதாரணமாக அந்த அளவைத் தொடுகிறது. சண்டை போடாமல் அந்தப் புட்டியின் சீட்டைப் பக்கத்தில் வைத்தால் போதும்.

நாட்காட்டியும் முக்கியம். செப்டம்பரில் பெருங்கடைகளின் ஒயின் சந்தை. 1973 இல் லெக்லேர் தொடங்கிவைத்தது. அந்த மாதம் எல்லாக் கண்ணும் போர்தோ பெட்டிகள் மேல் இருக்கும். புது வெளிநாட்டு ஒயினை அப்போது அறிமுகம் செய்வது வீண். மே, ஜூன், பிறகு நவம்பர் பாதியிலிருந்து கிறிஸ்துமஸ் வரை நல்ல காலம்.

தாள் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சுங்கம் தடையல்ல: ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் புட்டி ஒயினுக்கு லிட்டருக்கு 13 முதல் 15 சென்ட் அளவில்தான், ஒப்பந்த நாடுகளுக்கு அதுவும் இல்லை. நுரையில்லாத ஒயினுக்கு உள்நாட்டு மதுவரி புட்டிக்கு 3 சென்ட் அளவு. மேலே 20 சதவீத மதிப்புக்கூட்டு வரி. சரக்கு நிற்பது சீட்டில்தான். இறக்குமதியாளர் பெயர், சல்ஃபைட் எச்சரிக்கை, கர்ப்பிணிச் சின்னம், 2023 டிசம்பர் 8 க்குப் பின் தயாரானவற்றுக்கு உட்பொருள், சத்து விவரம் எல்லாம் வேண்டும். ஐரோப்பாவுக்கு வெளியே என்றால் விஐ-1 ஆய்வுத்தாள். விளம்பரத்துக்கு 1991 இன் எவேன் சட்டம். எங்கே, யார், எப்படிச் செய்தார்கள் என்று சொல்லலாம், குடித்தால் சந்தோஷம் என்று சொல்லக் கூடாது.

லா ஷாப்பெல் பக்கத்து உணவகங்களுக்கு

பாரிஸின் லா ஷாப்பெல்லில் தமிழ் உணவகம் நடத்துபவர்களுக்கு இந்த வாசல் அகலமாகவே திறந்திருக்கிறது, பலரும் பயன்படுத்துவதில்லை. ‘இந்திய ஒயின் இருக்கிறதா’ என்று பிரெஞ்சு வாடிக்கையாளர் கேட்பார். பெங்களூரு அருகே நந்தி மலையடிவாரத்து க்ரோவருக்குப் போர்தோவின் மிஷேல் ரோலான் ஆலோசகராக இருந்தார் என்று பரிமாறுபவர் ஒரு வரி சொன்னால் முதல் கோப்பை விற்கும். இரண்டாவது கோப்பை குழம்பின் கையில் இருக்கிறது. காரத்தோடு சேர்ந்தால் ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டும், துவர்ப்பான சிவப்பு நாக்கை இன்னும் வறட்டும். ஆல்கஹால் 14 டிகிரி உள்ள ஷிராஸை நண்டுக் கறியோடு கொடுத்துவிட்டு, ஒயின் சரியில்லை என்ற முகத்தைப் பார்க்காதீர்கள். ஆல்கஹால் 9 முதல் 11 டிகிரி உள்ள வின்யோ வெர்தே, லேசான இனிப்புள்ள ஜெர்மன் ரீஸ்லிங், குளிர்ந்த லாம்ப்ருஸ்கோ மூன்றும் இந்தச் சாப்பாட்டுக்கு ப்ரொவான்ஸ் ரோஸேயை விடப் பொருந்தும்.

பட்டியலில் நாட்டுவாரியாக எழுதாதீர்கள். ‘கொத்து ரொட்டிக்கு’, ‘மீன் குழம்புக்கு’ என்று உணவின் அடியிலேயே ஒரு வரி, கோப்பை விலையோடு. 12 சென்டிலிட்டர் கோப்பை என்றால் புட்டிக்கு ஆறு, கொஞ்சம் மீதி. கொள்முதல் விலை ஏறக்குறைய முதல் இரண்டு கோப்பையிலேயே திரும்ப வேண்டும். வெளிநாட்டு வகை இரண்டுக்கு மேல் கோப்பையில் திறக்க வேண்டாம், மூன்றாவது புட்டி பாதியில் நின்று புளிக்கும். உணவோடு மட்டும் பரிமாறச் சின்ன உணவக உரிமம் போதும். சாப்பிடாமல் ஸ்ப்ரிட்ஸ் மட்டும் குடிக்க வருபவருக்கு ஊற்ற அந்த உரிமம் இடம் தராது.